பானட்டுக்குள் ஏது குளிர்காற்று?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் ஹூஸ்டன் நகரில் வசிக்கிறேன். 2004-ஆம் ஆண்டு ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப் டிரக் வைத்திருக்கிறேன். மூன்று லிட்டர் வி-6 பெட்ரோல் எஞ்சின். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றைத் தரும் 'கோல்டு ஏர் இன்டேக்' என்று கடைகளில் விற்கும் தொகுப்பு விலை கூடுதலாக இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மூன்று அங்குலப் பி.வி.சி. குழாய், இரண்டு எல்போ, ஒரு கூம்பு ஃபில்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே குறைந்த செலவில் செய்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எவ்வளவு குதிரைத்திறன் கூடும்? மைலேஜ் உயருமா? எப்படிச் செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்

பதில்: செய்யலாம். அதற்கு முன் பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று வரும் வழியைக் கையால் தடவிக்கொண்டே முன்பக்கமாகப் போய்ப் பாருங்கள். அந்தப் பெட்டியின் வாய் எஞ்சினைப் பார்த்துத் திறந்திருக்காது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் அருகிலோ, ஃபெண்டர் தகட்டில் உள்ள துளையிலோ, வெளிக்காற்று கிடைக்கும் ஓர் இடத்தில்தான் போய் முடியும். அதாவது, தாங்கள் வீட்டில் செய்ய நினைக்கும் பொருள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுத்தான் வண்டி வந்திருக்கிறது. அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலிருந்து ஒரு குழாயை நீட்டி, அதன் நுனியில் கூம்பு ஃபில்டரைச் செருகி, பானட்டுக்கு அடியில் திறந்தபடி விட்டுவிட்டால் கிடைப்பது சூடான காற்றே. பெயரில்தான் குளிர் இருக்கும். வீட்டுத் தயாரிப்புகளில் நான் காணும் பெரிய குறை இதுதான்.

வெப்பம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு எளிது. காற்றின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும். 35 டிகிரி செல்சியஸ் என்பது 308 கெல்வின். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் எளிதாக வந்துவிடும் 65 டிகிரி என்பது 338 கெல்வின். இந்த இரண்டுக்கும் இடையே அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சும் கன அளவு மாறுவதில்லை. அந்தக் கன அளவுக்குள் இருக்கும் ஆக்சிஜன்தான் குறைகிறது. ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் பேசும். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது தொழிற்சாலைப் பெட்டி வெளிக்காற்றைவிட எட்டு டிகிரி கூடுதலான காற்றை எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த எட்டு டிகிரியையும் முழுமையாக ஒழித்துவிட்டாலும் கிடைப்பது இரண்டரை சதவீதம் அளவுக்கான லாபம். சுமார் 150 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினில் அது மூன்றோ நான்கோ குதிரைத்திறன். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதிக்கும் நேரத்தில் மட்டும். விளம்பரங்களில் சொல்லப்படும் பெரிய எண்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடும் வேகத்தில் காற்று முகத்தில் மோதித் தானாகவே உள்ளே புகுந்து அழுத்தம் தரும் என்றும் சிலர் சொல்வார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மோதல் அழுத்தம் சுமார் 440 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். அளப்பதற்கு இரண்டு பொருள்கள் போதும். ஒன்று, வண்டிக் கணினியைச் சோதிப்பதற்கான ஓபிடி இணைப்பில் செருகி, கைப்பேசியில் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும், காற்றின் அளவைக் கணிக்கும் மாஃப் சென்சார் காட்டும் அளவையும் படிக்க உதவும் மலிவு விலை ரீடர். மற்றொன்று, நம் ஊர்க் கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். அந்த டியூபை ஒரு பலகையில் 'ப' எழுத்தைத் தலைகீழாக்காமல் அப்படியே, அதாவது வளைவு அடியிலும் இரு முனைகளும் மேலேயும் இருக்கும்படி கட்டி, சாயம் கலந்த நீரைப் பாதி உயரத்துக்கு ஊற்றி, ஒரு முனையைத் திறந்துவிட்டு, மறுமுனையை ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையே உள்ள குழாயில் சிறு துளை வழியாக இணையுங்கள். ஒவ்வொரு தண்டும் குறைந்தது அரை மீட்டர் உயரம் இருக்கட்டும். குறைவாக இருந்தால் நீர் எஞ்சினுக்குள் இழுக்கப்படும். வாகனம் இல்லாத நேரான சாலையில், இரண்டாவது கியரில், முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் 5,000 சுற்றைத் தொடும்போது இரு தண்டுகளின் நீர்மட்ட வேறுபாடு எத்தனை சென்டிமீட்டர் என்று பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் வேறுபாடு என்பது சுமார் ஒரு கிலோ பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம். பதினைந்து சென்டிமீட்டர் காட்டினால், உலகத்திலேயே சிறந்த குழாயைப் போட்டாலும் தாங்கள் மீட்கக்கூடியது ஒன்றரை சதவீதத்துக்குள்தான். இந்த எண் கையில் இல்லாமல் குழாய் வாங்கக் கடைக்குப் போவது வீண்.

அடுத்து, குழாயின் அளவு. மூன்று லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 5,000 சுற்றில், சிலிண்டர்கள் 80 சதவீதம் நிரம்புகின்றன என்று கொண்டால், நிமிடத்துக்கு 6,000 லிட்டர், அதாவது நொடிக்கு 100 லிட்டர் காற்றை எடுக்கும். 75 மி.மீ. உள்விட்டக் குழாயில் அந்தக் காற்று நொடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும், 63 மி.மீ. குழாயில் 32 மீட்டர். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழப்பு ஏறுவதால், சிறிய குழாயில் இழப்பு இரட்டிக்கிறது. தாங்கள் சொன்ன மூன்று அங்குலம் சரியான அளவுதான். ஆனால் தண்ணீர்க் குழாய்க்கான எல்போ உட்புறம் சட்டென்று மடங்கிவிடும். ஒரே ஒரு கூர்மையான எல்போ மூன்று சென்டிமீட்டர் நீர் அளவுக்கு இழப்பை உண்டாக்கும், பெரிய வளைவாக வளைத்த குழாய் ஒரு சென்டிமீட்டருக்குள் முடித்துவிடும். குழாயின் திறந்த முனையை வெட்டியபடி விடாமல், நாதஸ்வரத்தின் விரிந்த முனைபோல் வெளிப்புறமாக உருட்டிவிட்டால் நுழைவிழப்பு பெருமளவு குறையும். நான்கு அங்குலக் குழாய் இந்த எஞ்சினுக்குத் தேவையில்லை. அது வேறொரு தொல்லையையும் கொண்டுவரும். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாஃப் சென்சார் என்பது குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வாயில் வழியாக ஒரு துளியளவு காற்றை எடுத்து, சூடான கம்பி எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்து, தான் பொருத்தப்பட்டிருக்கும் கூட்டின் விட்டத்தை மனத்தில் கொண்டு மொத்தக் காற்றைக் கணக்கிடுகிறது. 70 மி.மீ. கூட்டிலிருந்து அதை எடுத்து 76 மி.மீ. குழாயில் செருகினால், குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடி, அதே காற்று மெதுவாக ஓடும். சென்சார் உண்மையைவிட 15 சதவீதம் குறைவாகச் சொல்லும். எஞ்சின் கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கும். மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தும். திருத்தம் எல்லை மீறினால் பி 0171, பி 0174 என்ற குறியீடுகளுடன் எச்சரிக்கை விளக்கு எரியும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் நேரடியாக நடப்பதில்லை. கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்து, அது சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்து, எஞ்சின் 'நாக்' அடிக்கத் தொடங்கும். 'குழாய் மாற்றியதும் வண்டி விறுவிறுப்பாக இழுக்கிறது' என்று மகிழ்பவர்கள் சிலர், மெலிந்த கலவையின் கடுமையைத்தான் பலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனவே தங்கள் வண்டியின் சென்சாரைக் கூட்டோடு, அதன் முகப்பில் உள்ள வலைத் தட்டோடு, அப்படியே எடுத்துப் புதிய வழியில் பொருத்துங்கள். கூட்டுக்கு முன்னால் ஓரளவு நீளத்துக்குக் குழாய் நேராக இருக்க வேண்டும். எல்போவை ஒட்டிப் பொருத்தினால் காற்று ஒருபுறமாகச் சாய்ந்து ஓடி, சென்சார் தள்ளாடும்.

பி.வி.சி. பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். அது 60 டிகிரி வரையிலான பயன்பாட்டுக்குத்தான் உகந்தது. 80 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். கோடைகாலத்து ஹூஸ்டனில் ரேடியேட்டருக்குப் பின்னால் அந்த வெப்பம் அரிதன்று. இளகிய குழாய் கிளாம்ப் இறுக்கத்தில் நசுங்கி, அந்த இடைவெளி வழியாக வடிகட்டாத காற்றை விடும். ஒன்றரை மி.மீ. கனமுள்ள அலுமினியக் குழாய், வளைவுகளுக்குச் சிலிக்கோன் இணைப்பு, நல்ல புழுத்திருகு கிளாம்ப் ஆகியவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. அலுமினியம் சூட்டைக் கடத்துமே என்று கேட்கலாம். முழு வேகத்தில் அறுபது சென்டிமீட்டர் குழாயைக் காற்று நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது, சூடேற நேரமில்லை. ஐடிலில் நிற்கும்போதுதான் சூடேறும்; அப்போது யாருக்கும் குதிரைத்திறன் தேவைப்படுவதில்லை.

இனி உண்மையான கைவேலை. வீட்டில் செய்ய வேண்டிய முக்கியப் பொருள் குழாய் அன்று, தடுப்பு. ஃபில்டர் இருக்கும் மூலையை எஞ்சினிடமிருந்து பிரிக்கும் ஒரு தகட்டுப் பெட்டி இல்லாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண். முதலில் தடித்த அட்டையில் அந்த மூலையின் வடிவத்தை வெட்டிப் பாருங்கள். பிரேக் குழாய்க்கும் ஒயர்க் கட்டுக்கும் இடம் விட்டு, பானட்டை மூடித் திறந்து, எங்கே இடிக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, பிறகு அலுமினியத் தகட்டுக்கு மாற்றுங்கள். தகட்டின் மேல் விளிம்பில் கதவுக்குப் போடும் குமிழ் வடிவ ரப்பர் பீடிங்கைச் செருகினால், பானட்டை மூடும்போது அது நசுங்கி அடைத்துக்கொள்ளும். குழாய் தகட்டைத் துளைத்து வரும் இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையேல் சில மாதங்களில் தகட்டின் விளிம்பே குழாயை அறுத்துவிடும். பெட்டிக்குள் வெளிக்காற்று வரத் தொழிற்சாலை விட்ட துளையையே பயன்படுத்துங்கள். ஃபில்டரை பம்பருக்கு அருகே கீழே இறக்கும் யோசனை மட்டும் வேண்டாம். 2017-இல் ஹார்வி புயலின் மழையில் தெருக்கள் ஆறாக ஓடிய ஊரில் வசிக்கிறீர்கள்.

எஞ்சின் தன் ரப்பர் மவுன்டுகளின் மேல் ஆடும், ஃபெண்டர் ஆடாது. இரண்டுக்கும் இடையே வளையும் சிலிக்கோன் அல்லது மடிப்பு ரப்பர் இணைப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். வால்வு கவரிலிருந்து வரும் மூச்சுக்குழாயை, சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் இடையே, பழைய குழாயில் இருந்த அதே வரிசையில் இணைத்துவிடுங்கள். அதைத் தனியாக விட்டு அதன் நுனியில் சிறு ஃபில்டர் மாட்டுவது அழகாகத் தெரியலாம். ஆனால் அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து ஐடில் ஏறியிறங்கும். மேலும் மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பின் ஒரு பகுதியைத் துண்டிப்பது கூட்டரசுச் சட்டப்படி டெக்சஸிலும் குற்றம். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைவிட உலர் வகை ஃபில்டரைத் தேர்ந்தெடுங்கள். பருத்தி ஃபில்டரைக் கழுவிய பின் எண்ணெயை அதிகமாகத் தெளித்துவிட்டால், அது சென்சார் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

மைலேஜைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பை விட்டுவிடுங்கள். பெட்ரோல் எஞ்சினில் நாம் மிதிக்கும் பெடல், காற்றைத் தடுக்கும் த்ராட்டில் கதவைத்தான் திறந்து மூடுகிறது. சாதாரண ஓட்டத்தில் அந்தக் கதவு பெரும்பகுதி மூடியே இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள தடையைக் குறைத்தால், அதே வேகத்தில் போகக் கதவைச் சற்றுக் கூடுதலாக மூடுவோம், அவ்வளவுதான். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடைபட்ட ஃபில்டர்கூட நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. வேகமெடுக்கும் திறனைத்தான் குறைத்தது. சொல்லப்போனால், 1970-களின் அமெரிக்கக் கார்களிலும் டிரக்குகளிலும் எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றிச் சூடான காற்றை எடுத்து ஏர் கிளீனருக்குத் தரும் தனிக் குழாயே இருந்தது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் நன்றாக ஆவியாகவும், கார்புரேட்டரில் பனி கட்டாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இப்படி வீட்டில் செய்து பொருத்தினால் ஸ்மாக் செக் எனும் மாசுச் சோதனையில் தேறுமா? என்னுடையது 2012 டொயோட்டா டகோமா.
— ஒரு வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: தேறாது. அம்மாநில வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு, மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பின் செயலைப் பாதிக்கும் மாற்றுப் பாகங்களைத் தடைசெய்கிறது. காற்று வள வாரியம் சோதித்து விலக்கு ஆணை எண் வழங்கிய பாகங்களுக்கு மட்டுமே அனுமதி. கடைத் தொகுப்புகளில் ஒட்டுவதற்கென்று தரப்படும் சிறு ஸ்டிக்கரில் இருப்பது அந்த எண்தான். பரிசோதகர் ஓபிடி இணைப்பு வழியாக வண்டியின் கணினியைச் சோதிப்பதோடு நிற்காமல், பானட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார். தங்கள் அலுமினியக் குழாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வண்டி விடும் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எண் இல்லையென்றால் அது தோல்விதான். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பழைய வண்டிகளுக்கு உடைசல் கடையில் தேட வேண்டிவரும். தொழிற்சாலைப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதற்குள் புதிய ஃபில்டர் போட்டு, பெட்டிக்கு வரும் குழாயில் இலை, எலிக்கூடு ஏதேனும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது சட்டத்துக்கு உட்பட்டது, செலவும் குறைவு.

கேள்வி: நண்பரின் வண்டியில் கூம்பு ஃபில்டர் போட்ட பிறகு எஞ்சின் சத்தமே மாறிவிட்டது, இழுவையும் கூடியதாக அவர் உறுதியாகச் சொல்கிறார். எது உண்மை?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சத்தம் மாறியது உண்மை. ஏர் ஃபில்டர் பெட்டியும், அதன் பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் தொங்கும் வெற்றுக் குப்பி போன்ற அறையும், உறிஞ்சும் ஓசையை அடக்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டால் ஓசை வெளியே வரும். காது அதை வேகம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளும். ஒரே சாலையில், ஒரே திசையில், ஒரே சுமையுடன், மூன்றாவது கியரில் 40-இலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி ஆகிறது என்று பழைய பெட்டியோடும் புதிய குழாயோடும் மாறி மாறி அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போர்வெல் ரிக் வண்டி வைத்துத் தொழில் செய்கிறோம். வண்டி டர்போ டீசல். ஏர் கிளீனர் அடிக்கடி அடைத்துக்கொண்டு இழுவை குறைகிறது. பெட்டியையே எடுத்துவிட்டு, காற்று தாராளமாகப் போகும் பெரிய கூம்பு ஃபில்டரை வெளியே மாட்டிவிடலாமா என்று பட்டறையில் கேட்கிறார்கள்.
— ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஹூஸ்டன் வாசகரின் தவறு நடந்தால் போவது மூன்று குதிரைத்திறன்; இங்கே போவது எஞ்சின். பாறையைத் துளைக்கும்போது எழும் தூளில் குவார்ட்ஸ் கலந்திருக்கும். அது சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும்விடக் கடினமானது. எண்ணெய்ப் படலத்தின் கனத்தை ஒத்த நுண்துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத தூள்தான், ரிங்குக்கும் லைனருக்கும் இடையே புகுந்து தேய்க்கிறது. 99.9 சதவீதம் தூசியைப் பிடிக்கும் ஃபில்டருக்கும் 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டருக்கும் வேறுபாடு ஒரு சதவீதம்கூட இல்லை என்று தோன்றும். உள்ளே நுழையும் தூசியின் கணக்கில் பார்த்தால் அது பத்து மடங்கு.

டர்போ வண்டியில் குளிர்காற்றால் கிடைக்கும் லாபமும் வேறு விதம். 40 டிகிரிக் காற்றை வளிமண்டலத்தைப் போல் இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு டர்போ அமுக்கும்போது, அது 160, 170 டிகிரிக்குச் சூடாகிவிடும். அதைக் குளிர்விப்பது இன்டர்கூலரின் வேலை. தங்கள் வண்டியில் சூட்டைக் குறைக்க வேண்டுமானால், இன்டர்கூலரின் செதில்களுக்கிடையே அப்பியிருக்கும் பாறைத் தூளையும் எண்ணெய்க் கசடையும் கழுவுங்கள். கேபினுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் காற்றுக் குழாய் ஏற்கெனவே எஞ்சினுக்கு வெளியே, தரைத் தூசிக்கு மேலே இருந்துதான் காற்றை எடுக்கிறது.

அடைப்பதற்குத் தீர்வு, ஃபில்டருக்கு முன்னால் தூசியைச் சுழற்றி வெளியே தள்ளும் சைக்ளோன் பிரீ-கிளீனரைப் பெரிய அளவில் போடுவது. பெட்டியின் அடியில் உள்ள ரப்பர் வால்வு வாயை ஒருமுறை விரலால் பிதுக்கிப் பாருங்கள். அது கிழிந்தோ, இறுகியோ, கல்போல் தூசி உறைந்தோ இருந்தால், பிரிக்கப்பட்ட தூசி வெளியேற வழியின்றி நேராக ஃபில்டர் மேல் போகும். கம்ப்ரஸர் கையருகே இருப்பதால் ரிக் வண்டிகளில் ஃபில்டரை எடுத்துக் கடும் அழுத்தத்தில் ஏர் அடிப்பது பழக்கமாகிவிட்டது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழுவது அங்கேதான். அடித்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பார் அழுத்தத்துக்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளிநோக்கி அடியுங்கள். பிறகு இருட்டில் ஃபில்டருக்குள் டார்ச் விளக்கை விட்டு, ஊசிமுனை வெளிச்சம் எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் இரண்டாவது பாதுகாப்பு ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபில்டர் அடைபட்டதைக் காட்டும் தடைகாட்டிக் குமிழில் சிவப்பு வரும்வரை பெட்டியைத் திறக்காமல் இருப்பதும் நல்லதே. ஓரளவு தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும், திறக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தூள் சுத்தமான பக்கம் விழும்.

டர்போவின் வாயில் உள்ள குழாயைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டினால், ஃபில்டருக்குப் பிறகு ஏதோ ஓர் இணைப்பு காற்றை இழுக்கிறது என்று பொருள். அந்த ஹோஸையும் கிளாம்பையும் அன்றைக்கே மாற்றாமல் வண்டியை அடுத்த போர்வெல் பாயின்டுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: நான்கு சிலிண்டர், இரண்டரை லிட்டர் டீசல் பிக்கப், பி.எஸ்.-6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டி. காற்று எடுக்கும் குழாயை நீட்டி பம்பருக்குப் பின்னால் விட்டால் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்கிறார் மெக்கானிக்.
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: கிடைக்கும், முதல் மழையில் தண்ணீரும் கிடைக்கும். ஒரு சிலிண்டருக்கு 625 மில்லிலிட்டர், அமுக்க விகிதம் 18 என்று கொண்டால், பிஸ்டன் உச்சியில் மீதமிருக்கும் இடம் ஏறத்தாழ 37 மில்லிலிட்டர். அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் நுழைந்தால், நீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தெருநீரில் செலுத்தப்பட்ட ஏராளமான கார்களுக்கு நேர்ந்தது இதுதான். காற்று எடுக்கும் வாய் தாழத் தாழ, வண்டி கடக்கக்கூடிய நீரின் ஆழமும் குறைகிறது. நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. இழுத்து வந்து, இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.எஸ்.-6 வண்டிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. அவற்றில் உள்வரும் காற்றின் அளவைக் கொண்டே, எவ்வளவு புகையை எஞ்சினுக்குத் திருப்பி அனுப்புவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. காற்று அளவு தவறினால் புகை கூடி, எக்ஸாஸ்ட் குழாய் வழியில் உள்ள துகள் ஃபில்டர் விரைவில் அடைபடும். அந்த ஃபில்டரின் விலையை மெக்கானிக்கிடமே கேளுங்கள்.

கேள்வி: கனடாவில் குளிர்காலத்தில் இந்த மாற்றம் பயன் தருமா?
— ஒரு வாசகர், டொரான்டோ

பதில்: மைனஸ் 20 டிகிரிக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 16 சதவீதம் அடர்த்தியானது, எந்தக் குழாயும் தராத லாபத்தை அங்கே இயற்கையே தந்துவிடுகிறது. அங்கே கவனிக்க வேண்டியது பொடிப்பனி. திறந்த ஃபில்டரின் மேல் அது மாவுபோல் அப்பி, உருகி, மறுபடி உறைந்து காற்றை அடைக்கும். தொழிற்சாலைக் குழாய் சில வண்டிகளில் வளைந்து வளைந்து போவது, பனியும் நீரும் ஃபில்டரை அடையுமுன் கீழே விழுவதற்காகத்தான்; அந்த வளைவை 'நேராக்க' வேண்டாம். பனிப்புயலில் நெடுந்தூரம் ஓட்டிய பின் பெட்டியைத் திறந்து, அடியில் உள்ள வடிகால் துளை உறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்து நெளிந்துபோன காகித ஃபில்டரை உலர்த்திப் போடாமல் மாற்றிவிடுங்கள்.